குடும்பத்தில் ஓடும் கட்டியும் குலத்தின் மேல் ஏற்றிய பழியும்

1793ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் லத்தீன் மொழியில் ஒரு மருத்துவ நூல் வெளிவந்தது. எழுதியவர் டிலேசியஸ். உடம்பெங்கும் சிறிதும் பெரிதுமாகக் கட்டிகள் முளைத்திருந்த ஐம்பது வயது மனிதர் ஒருவரைப் பார்த்து, வரைந்து, விவரித்த நூல் அது. இன்றைய மருத்துவ வரலாற்றாசிரியர்கள் அதை ஒரு முன்னோடிப் பதிவாக மதிக்கிறார்கள். எனக்கு அந்த நூலின் உள்ளடக்கத்தைவிடத் தலைப்புதான் முக்கியமாகப் படுகிறது. ‘தோலின் விநோதமான இழிவு ஒன்றின் நோய் வரலாறு’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். இழிவு என்ற இடத்தில் டிலேசியஸ் போட்ட சொல் துர்ப்பித்தூதோ. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, பார்க்கச் சகிக்காத உருவம். மற்றொன்று, கீழான ஒழுக்கம். நம் ஊர் அரசுப் பணி விதிகளில் ‘மாரல் டர்பிட்யூட்’ என்று இன்றும் ஒரு குற்ற வகை இருக்கிறதே, அதே வேர்தான்.

ஒரு மனிதரின் தோலையும் அவருடைய நடத்தையையும் ஒரே சொல்லால் கட்டிப்போடும் இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. பிறப்பு, தொழில், தோற்றம், இருப்பிடம் அத்தனைக்கும் ‘இழிந்த’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஈராயிரம் ஆண்டுகள் ஆட்சி நடத்திய நாடு இது. அதனால்தான் ஐரோப்பிய மருத்துவ நூலில் தொடங்கும் இந்த நோயின் கதையை நம் இளைஞர்கள் படிக்கவேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு நோய் ‘பரம்பரையாக வருவது’ என்று கண்டுபிடிக்கப்பட்டதும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பதுதான் இந்தக் கதை.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். தோலில் வரும் தீங்கற்ற கட்டிகள் குடும்பவழியாக வருவதில் பல வகை உண்டு. சில குடும்பங்களில் கொழுப்புக்கட்டிகள் வரிசையாக வரும். சிலவற்றில் முகத்தில் மட்டும் சிறு கட்டிகள் வரும். இவற்றில் அதிகம் அறியப்பட்டதும் அதிகம் பழிக்கப்பட்டதும் நியூரோஃபைப்ரோமட்டோசிஸ். அதன் முதல் வகையைத்தான் இங்கே பேசுகிறேன். ஏறக்குறைய 3,000 பிறப்புகளில் ஒருவருக்கு இது வருகிறது. கறுப்பர், வெள்ளையர், ஆசியர் என்ற பேதமெல்லாம் அதற்கு இல்லை. பிறந்த சில மாதங்களிலேயே குழந்தையின் உடம்பில் பால் கலந்த காப்பி நிறத்தில் திட்டுகள் தெரியும். மச்சம் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். பிறகு அக்குளிலும் தொடையிடுக்கிலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள் வரும். பருவம் எய்தும் வயதில் கட்டிகள் கிளம்பும். மெத்தென்று இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கும். பெண்களுக்குக் கர்ப்பக் காலத்தில் எண்ணிக்கை கூடலாம். சிலருக்குப் பத்து, சிலருக்குப் பல நூறு. ஒரே குடும்பத்தில் அப்பாவுக்குத் திட்டுகள் மட்டும் இருக்கும், மகளுக்கு முகமெல்லாம் கட்டியாக இருக்கும். அடுத்தவருக்கு எந்த அளவில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தீங்கற்ற கட்டி என்கிறோம், ஆனால் நோய் முழுக்கத் தீங்கற்றது என்று நினைத்துவிடக் கூடாது. எலும்பு வளையலாம். கண் நரம்பில் கட்டி வரலாம். பாதிக்கு அருகிலான பிள்ளைகளுக்குப் படிப்பில் ஏதோவொரு தடுமாற்றம் இருக்கும். ‘மக்கு’ என்று வாத்தியார் பெஞ்சின் கடைசியில் தள்ளும் பிள்ளைகளில் இவர்களும் உண்டு. வாழ்நாளில் பத்துப் பேரில் ஒருவருக்கு ஏதோவொரு கட்டி புற்றாக மாறும் வாய்ப்பு இருக்கிறது. ஆகவே திடீரென்று வளரும் கட்டி, கெட்டியாகும் கட்டி, ஓயாமல் வலிக்கும் கட்டி ஆகியவற்றை உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். இத்தனையும் உண்மை. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது என்பதும் அதே அளவு உண்மை.

இனி பழிக்கு வருவோம். லைப்சிக்குக்கு மிக முன்பே நம் மண்ணில் இதற்குச் சட்டம் எழுதி வைத்துவிட்டார்கள். மனுவின் நூல் மூன்றாம் அத்தியாயத்தில், எவ்வளவு செல்வம் கொழித்தாலும் பெண் எடுக்கக் கூடாத பத்துக் குடும்பங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மூலம், காசம், வலிப்பு, வெண்குட்டம், தொழுநோய் உள்ள குடும்பங்கள் அதில் வருகின்றன. சரி, நோய்க்குப் பயந்த பழங்காலத்து மனிதன் என்று விட்டுவிடலாமா? விட முடியாது. அதே பட்டியலில் சடங்குகளைக் கைவிட்ட குடும்பம், ஆண் பிள்ளை பிறக்காத குடும்பம், வேதம் ஓதாத குடும்பம் ஆகியவையும் இருக்கின்றன. காசநோயும் வேதம் ஓதாமையும் ஒரே வகைக் குறை! உடம்பில் உள்ளதும் சமூகம் சுமத்தியதும் ஒரே தராசில். பதினொன்றாம் அத்தியாயம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொன் திருடியவனுக்கு நகம் கெடும், கள் குடித்தவனுக்குப் பல் கறுக்கும், குருவின் மனைவியைச் சேர்ந்தவனுக்குத் தோல் கெடும் என்று முற்பிறவிக் கணக்கு ஒன்றை அங்கே வாசிக்கலாம். பார்வையற்றோரும் பேச இயலாதோரும் உருக்குலைந்தோரும் இப்படித்தான் பிறக்கிறார்கள், நல்லோரால் வெறுக்கப்படுகிறார்கள் என்று முடிகிறது அந்தப் பகுதி. நோயாளியை வெறுப்பவர்தான் நல்லவர் என்றால், வெறுப்பதற்குக் கூச்சப்பட வேண்டிய அவசியமே இல்லையே.

ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மருத்துவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்தார்கள். 1849இல் டப்ளின் நகர அறுவை மருத்துவர் ராபர்ட் வில்லியம் ஸ்மித் நரம்புக் கட்டிகளைப் பற்றிப் பெரிய படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். 1862இல் அமெரிக்காவில் ஹிட்ச்காக் என்ற மருத்துவர் ஒரே குடும்பத்தில் மூவருக்கு இத்தகைய கட்டிகள் இருந்ததைப் பதிவு செய்தார். 1882இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் பேராசிரியராக இருந்த ஃப்ரீட்ரிஷ் ஃபான் ரெக்லிங்ஹவ்சன் தம் நோயாளிகள் இருவரின் கட்டிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து முக்கியமான ஒன்றைச் சொன்னார்: தோலில் தெரியும் இந்தக் கட்டிகள் நரம்பைச் சுற்றியுள்ள உறையிலிருந்து கிளம்புகின்றன. அதனால்தான் நரம்பையும் நாரையும் சேர்த்து நியூரோஃபைப்ரோமா என்ற பெயர். நீண்ட காலம் இந்த நோய்க்கே அவர் பெயர்தான் வழங்கியது. பாவமும் சாபமும் போய், நரம்பும் உறையும் வந்தன. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் கதை இங்கே முடியவில்லை, இங்கேதான் திரும்புகிறது.

1900ஆம் ஆண்டில் மெண்டலின் பட்டாணிச் செடி ஆராய்ச்சி மறுபடியும் கண்டெடுக்கப்பட்டது. பண்புகள் தலைமுறைகளுக்கு எப்படிக் கடத்தப்படுகின்றன என்பதற்கு ஒரு கணக்கு கிடைத்துவிட்டது. அந்தக் கணக்கை மனிதர்கள் மேல் போட்டுப் பார்க்கப் பலரும் முண்டியடித்தார்கள். அவர்களில் முதன்மையானவர் சார்லஸ் டேவன்போர்ட். 1910இல் நியூயார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ‘யூஜெனிக்ஸ் ஆவண நிலையம்’ ஒன்றை அவர் தொடங்கினார். ரயில்வே முதலாளி ஹாரிமனின் விதவை பணம் கொடுத்தார். யூஜெனிக்ஸ் என்றால் நல்ல பிறவிகளைப் பெருக்குவது, ‘கெட்ட’ பிறவிகளைத் தடுப்பது. நிலையத்தில் பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், வீடு வீடாகப் போய் யார் யாருக்கு என்ன நோய், யார் குடிகாரர், யார் ‘மந்தபுத்தி’ என்று வம்சாவளி வரைபடங்கள் தயாரித்தார்கள். மந்தபுத்தி என்று தீர்மானிக்க அவர்களுக்குச் சில நேரம் ஒரு தடவை பார்த்ததே போதுமானதாக இருந்தது.

1918இல் இதே டேவன்போர்ட், ப்ரைசர் என்ற மருத்துவருடன் சேர்ந்து நம் நோயைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். பல குடும்பங்களின் வரைபடங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்து, ரெக்லிங்ஹவ்சன் நோய் மெண்டல் சொன்ன ‘ஓங்கு பண்பு’ முறையில் கடத்தப்படுகிறது என்று காட்டினார்கள். அதாவது தாய் தந்தையில் ஒருவருக்கு இருந்தாலே போதும், பிள்ளைக்கு வரலாம். அது சரியான முடிவு. இன்றுவரை நிற்கிறது. ஒரு மோசமான கொள்கையின் தலைவர் ஒரு நோயைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட்டார். இதை நாம் மழுப்பத் தேவையில்லை.

ஆனால் அவர் அதே காலத்தில் இன்னொரு தோல்நோயைப் பற்றி என்ன சொன்னார் என்று பாருங்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெலாக்ரா என்ற நோய் ஆயிரக்கணக்கில் மக்களைக் கொன்றுகொண்டிருந்தது. வெயில் படும் தோல் கறுத்து உரியும், வயிற்றுப்போக்கு வரும், பின்பு புத்தி பேதலிக்கும். வந்தவர்கள் யார்? குத்தகைக்குப் பருத்தி பயிரிட்ட ஏழைகள், பஞ்சாலைக் கூலிகள், சிறைக் கைதிகள், அநாதை இல்லத்துக் குழந்தைகள். கறுப்பர்களும் ஏழை வெள்ளையர்களும். 1914இல் அரசு அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் ஊர் ஊராகப் பார்த்தார். விடுதிகளில் நோய் வருவது உள்ளே இருப்பவர்களுக்குத்தான், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களுக்கு வரவில்லை. ஒட்டும் நோய் என்றால் ஊழியருக்கும் வரவேண்டுமே. ஊழியர்கள் இறைச்சியும் பாலும் சாப்பிட்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்குச் சோளமாவும் வெல்லப்பாகும்தான். உணவை மாற்றினார், நோய் போனது. 1915இல் மிசிசிப்பி சிறைப் பண்ணை ஒன்றில் நல்ல உடல்நிலையில் இருந்த கைதிகளுக்கு அந்த ஏழை உணவை மட்டும் கொடுத்து நோயை வரவழைத்தும் காட்டினார். கைதிகளை வைத்து அப்படிச் செய்தது வேறொரு அநியாயம், அதைத் தனியாகப் பேசவேண்டும். ஆனால் பெலாக்ராவுக்குப் பெயர் பசி என்பது அன்றே நிரூபணமானது. 1916இல் டேவன்போர்ட் எழுதினார்: பெலாக்ராவில் பரம்பரைக் கூறு இருக்கிறது! குடும்பம் குடும்பமாக வருகிறதே, அதுதான் அவருக்குச் சான்று. குடும்பம் முழுவதும் ஒரே பானையில் ஒரே சோளக்கூழைக் குடித்தது அவர் வரைபடத்தில் இல்லை. நியாசின் என்ற சத்துக் குறைவுதான் காரணம் என்பது 1937இல் உறுதியானது.

இதற்கு நேர்மாறான தவறும் நடந்திருக்கிறது. 1847இல் நார்வேயின் டேனியல்சனும் போயக்கும் தொழுநோய் பரம்பரை நோய் என்று எழுதினார்கள். ஐரோப்பாவே நம்பியது. 1873இல் அதே நார்வேயில் ஹான்சன் தொழுநோயின் கிருமியைக் கண்டார். (ஹான்சன், டேனியல்சனின் மருமகன். மாமனார் வாழ்நாள் முடிவை மருமகன் கவிழ்த்த கதை.) கிருமியால் வந்ததைப் பரம்பரை என்றார்கள், பசியால் வந்ததைப் பரம்பரை என்றார்கள், பரம்பரையாக வரும் கட்டியைத் தொட்டால் ஒட்டும் என்று பயந்து ஒதுக்கினார்கள். மூன்றிலும் உடம்பு வேறு, காரணம் வேறு. மூன்றிலும் ஒதுக்கப்பட்ட விதம் மட்டும் ஒன்றே. ‘குடும்பத்துல ஓடுது’ என்று யாராவது சொன்னால் தோழர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, எது ஓடுகிறது என்பது. மரபணுவும் ஓடும், பட்டினியும் ஓடும், கடனும் ஓடும், மலக்குழிக்குள் இறங்கும் வேலையும்தான் குடும்பத்தில் ஓடுகிறது.

டேவன்போர்ட்டின் நிலையம் வெறும் ஆராய்ச்சியோடு நிற்கவில்லை. அதன் கண்காணிப்பாளர் ஹாரி லாஃப்லின் கட்டாயக் கருத்தடைக்கு மாதிரிச் சட்டம் எழுதினார்; 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்காக நாடாளுமன்றக் குழுவுக்கு நிபுணர் சாட்சியம் சொன்னார். 1927 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வர்ஜீனியாவின் கருத்தடைச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. வழக்கில் சிக்கியவர் ஓர் ஏழை இளம்பெண். தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறையும் மந்தபுத்தி என்று சொல்லி அவருக்குக் கருத்தடை செய்தார்கள். உண்மையில் அவர் வன்புணர்வுக்கு ஆளாகிக் கர்ப்பமானவர். அவருடைய மகள் பின்பு பள்ளியில் நன்றாகவே படித்தாள். எட்டு நீதிபதிகள் ஆதரவு, ஒருவர் மட்டும் எதிர்ப்பு. அமெரிக்காவில் மொத்தம் 60,000க்கும் மேற்பட்டோருக்கு இப்படிக் கட்டாயக் கருத்தடை நடந்தது. 1933 ஜூலையில் ஹிட்லரின் அரசு கொண்டுவந்த பரம்பரை நோய்த் தடுப்புச் சட்டம் லாஃப்லினின் மாதிரியை ஒட்டியது. அதன் பட்டியலில் ‘கடுமையான பரம்பரை உடல் உருக்குலைவு’ என்றும் ஓர் இனம் உண்டு. சுமார் நான்கு லட்சம் பேர் அந்தச் சட்டத்தில் கருத்தடைக்கு ஆளானார்கள். லாஃப்லினுக்கு 1936இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

1927 மே மாதத்தில் வாஷிங்டனில் அந்தத் தீர்ப்பு. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று மகாத்தில் மனுவின் நூல் தீக்கிரையானது. மகாத்தில் எரிந்ததும் குலத்தைப் பார்த்து மனிதரைத் தீர்மானிக்கும் நூல்தான்.

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரின் வம்சாவளித் தொழிற்சாலை மும்முரமாக ஓடிய அதே ஆண்டுகள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பரம்பரை, ரத்தம், தூய்மை என்று படித்தவர்களெல்லாம் பேசிக்கொண்டிருந்த ஊரில் இருந்துகொண்டு, 1916 மே மாதம் அவர் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையில் சாதியை ரத்தத்தால் விளக்க மறுத்தார். அகமணம்தான் சாதியின் சாரம் என்றார். பெண்ணை அடைத்து வைக்கும் ஏற்பாடுதான் சாதியைத் தாங்குகிறது என்று விதவைக் கொடுமையையும் குழந்தை மணத்தையும் எடுத்துக் காட்டினார். இருபது ஆண்டு கழித்து 1936இல், லாகூரில் பேச விடாமல் தடுக்கப்பட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில் யூஜெனிக்ஸ் வாதத்தை நேரடியாகவே எதிர்கொண்டார். ரத்தத் தூய்மையைக் காக்கத்தான் சாதி வந்தது என்பவர்களுக்கு அவர் சொன்ன பதில்களில் எனக்குப் பிடித்தது இதுதான்: இன்றைய விஞ்ஞானிகளிடமே இல்லாத பரம்பரை அறிவு உங்கள் முன்னோர்களிடம் இருந்தது என்று சொல்கிறீர்களா? பஞ்சாப் பார்ப்பனரும் பஞ்சாப் சாமரும் ஒரே இனத்தவர், சென்னைப் பார்ப்பனரும் சென்னைப் பறையரும் ஒரே இனத்தவர் என்றும் சொன்னார். ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நல்ல இணைகளால் மனித இனம் மேம்படுவதை எதிர்ப்பவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள் என்றும் அதே உரையில் ஒரு வாக்கியம் இருக்கிறது. 1936இல் அது உலகம் முழுக்கப் படித்தவர்களின் பேச்சு. அதை மறைத்துவிட்டு அண்ணலைப் படிப்பதால் லாபமில்லை. அந்தப் பேச்சுக்குள் நின்றுகொண்டே அதைச் சாதியின் கையிலிருந்து பிடுங்கினார் என்பதுதான் கவனிக்கவேண்டியது.

அண்ணல் சொன்ன ‘இன்றைய விஞ்ஞானிகளிடமே இல்லாத அறிவு’ எது என்பதற்கு நம் நோயே எடுத்துக்காட்டு ஆனது. 1956இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் க்ரோ, ஷல், நீல் மூவரும் இந்நோயைப் பற்றி விரிவான ஆய்வு நூல் வெளியிட்டார்கள். அவர்களுடைய கணக்கில் ஒரு செய்தி வெளிப்பட்டது. நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரின் தாய்க்கும் நோய் இல்லை, தந்தைக்கும் இல்லை, பாட்டன் பூட்டனுக்கும் இல்லை. கருமுட்டையிலோ விந்தணுவிலோ புதிதாக ஏற்பட்ட ஒரு பிழையால் அவர்களிடம்தான் நோய் தொடங்குகிறது. டேவன்போர்ட்டின் வம்சாவளி வரைபடத்தில் இந்தப் பாதிக்கு இடமே கிடையாது. எந்தக் குடும்பத்தை விலக்கி, எத்தனை பேருக்குக் கருத்தடை செய்தாலும் இந்த நோய் மறுபடியும் பிறக்கும். எந்த அக்ரகாரத்திலும் பிறக்கும், எந்தச் சேரியிலும் பிறக்கும்.

அதற்குப் பிறகும் பழி போகவில்லை, வேறு உருவம் எடுத்தது. லண்டனில் ‘யானை மனிதர்’ என்று கண்காட்சியில் நிறுத்தப்பட்ட ஜோசப் மெரிக்கை நம்மில் பலர் 1980இல் வந்த திரைப்படத்தால் அறிவோம். 1862இல் லெஸ்டரில் பிறந்தவர், ஏழைகள் விடுதியில் சில ஆண்டுகள் இருந்தவர், 1890இல் லண்டன் மருத்துவமனையில் இறந்தார். கர்ப்பமாக இருந்தபோது தன் தாய் திருவிழாவில் யானையைக் கண்டு மிரண்டதால்தான் தனக்கு இப்படி ஆனது என்று அவர் நம்பினார். கிரகணத்தன்று வெளியே வந்ததால் பிள்ளைக்கு இப்படி என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதே ரகம். அங்கேயும் குற்றம் தாயின் மேல்தான். 1909இல் பார்க்ஸ் வெபர் என்ற மருத்துவர், மெரிக்குக்கு இருந்தது ரெக்லிங்ஹவ்சன் நோய் என்று எழுதினார். அது நிலைத்துவிட்டது. முக்கால் நூற்றாண்டுக்கு மேல், இந்த நோய் என்று தெரிந்த பிள்ளையின் பெற்றோர் மருத்துவப் புத்தகத்தைத் திறந்தால் மெரிக்கின் படம். 1986இல் டிபிள்ஸ், கோஹன் என்ற இருவர் மெரிக்கின் எலும்புக்கூட்டையும் படங்களையும் வைத்து, அது புரோட்டியஸ் கூட்டறிகுறி என்ற வேறொரு மிக அரிய நிலை என்று காட்டினார்கள். அது பரம்பரையாக வருவதே இல்லை. ‘யானை மனிதர் நோய்’ என்ற பெயர் மட்டும் இன்னும் பலர் வாயில் இருக்கிறது.

1990இல் அமெரிக்காவின் யூட்டா, மிச்சிகன் ஆகிய இரண்டு இடத்துக் குழுக்கள் 17ஆம் குரோமோசோமில் இந்த நோய்க்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தன. செல்கள் பெருகுவதற்கு அது ஒரு பிரேக் மாதிரி. பிரேக் பழுதானால் நரம்பு உறையின் செல்கள் பெருகிக் கட்டியாகின்றன. பழுதான பிரதி ஒன்று, நல்ல பிரதி ஒன்று. பிள்ளைக்கு இரண்டில் ஒன்று போகும். ஆகவே நோயுள்ள தாய்க்கோ தந்தைக்கோ பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆணா பெண்ணா என்பதில் வேறுபாடு இல்லை. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று நம் பக்கத்தில் சொல்வது இந்த நோய்க்குப் பொருந்தாது. உறவுமணத்தால் கூடும் நோய்கள் வேறு வகை, அவற்றில் தாய் தந்தை இருவரிடமும் பழுதான பிரதி இருக்கவேண்டும். புதிதாகத் தோன்றும் பிழைகளும் பெரும்பாலும் தந்தையின் விந்தணுவில்தான் நிகழ்கின்றன. ‘மருமக வீட்டு ரத்தம்’ என்று பேசும் மாமியார்களிடம் இதைச் சொல்லலாம், தைரியம் இருந்தால்.

இந்த அறிவு கிடைத்ததால் வாழ்க்கை மாறியதா? கொஞ்சம் மாறியது. 2020இல் செலுமெட்டினிப் என்ற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. வெட்டி எடுக்க முடியாமல் நரம்போடு பின்னிக் கிடக்கும் பெருங்கட்டிகளைப் பல குழந்தைகளுக்கு அது சுருக்குகிறது. விலை கூலிக்காரர் வீட்டுக்கு எட்டாது. இங்கே மிகப் பெரும்பாலோருக்குக் கிடைப்பது, தொந்தரவு தரும் கட்டியை வெட்டி எடுப்பதும் தொடர்ந்து கண்காணிப்பதும்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவிலோ நரம்பியல் பிரிவிலோ அதைச் செய்யலாம். குழந்தைக்கு ஆறு அல்லது அதற்கு மேல் காப்பி நிறத் திட்டுகள் இருந்தால் காட்டிவிடுங்கள். ஆண்டுக்கொரு முறை கண்ணையும் முதுகெலும்பையும் பார்க்கச் சொல்லுங்கள். மற்றபடி அந்தக் குடும்பங்கள் பழைய வழியைத்தான் நம்பியிருக்கின்றன: முழுக்கைச் சட்டை, தலையில் முக்காடு, பெண் பார்க்க வரும்போது அண்ணனை வெளியூருக்கு அனுப்பிவிடுவது. சாதிக்குள்ளேயே சம்பந்தம் தேடும் சமூகத்தில் ஒருவரின் தோல் அவருடைய தங்கையின் திருமணத்தையும் நிறுத்தும். இந்த நோயின் கொடுமையில் பாதி மரபணுவிலிருந்து வரவில்லை, அகமணத்திலிருந்து வருகிறது.

சட்டத்துக்கு வருவோம். 1898இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த தொழுநோயாளர் சட்டத்தில், பிழைப்புக்கு வழியற்ற தொழுநோயாளி என்று தன் கண்ணுக்குத் தோன்றும் எவரையும் ஒரு போலீஸ்காரர் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம். முதலில் கைது, பிறகுதான் மருத்துவர் பார்வை. நோய் எல்லாருக்கும் வரும், கைது பிச்சையெடுக்கும் ஏழைக்கு மட்டும். முகத்தில் கட்டியோடு தெருவில் உட்கார்ந்த ஏழைக்கும் தொழுநோய் முடிச்சோடு உட்கார்ந்த ஏழைக்கும் லத்திக்கு வித்தியாசம் தெரிந்திருக்குமா? இந்தச் சட்டம் ரத்தானது 2016இல். ஆம், இரண்டாயிரத்துப் பதினாறு. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற பிரிவை நீக்க 2019 வரை ஆனது.

அதே 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த பட்டியல் 21 ஆனது. ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும் சேர்க்கப்பட்டார்கள். போராடிப் பெற்ற வெற்றி அது. முகம் சிதைந்தால் வேலையும் வாழ்வும் போகும் என்பதை ஆசிட் விஷயத்தில் சட்டம் ஒப்புக்கொண்டது. பிறவியிலேயே முகத்தில் கட்டிகளோடு வாழ்பவரைப் பற்றி அது பேசவில்லை. எலும்பு வளைந்தோ பார்வை போயோ 40 சதவீதம் என்று சான்றிதழ் வாங்கினால் அந்தந்தத் தலைப்பில் உரிமை உண்டு. துணிக்கடையில் ‘கஸ்டமர் பயப்படுவாங்க’ என்று வேலை மறுக்கப்பட்டால் அதற்கு எந்தத் தலைப்பும் இல்லை. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் கடுமையான உருச்சிதைவையே ஊனமாகக் கணக்கில் எடுக்கிறது. வேலை செய்யும் திறன் குறைந்ததா என்று தனியாக நிரூபிக்கவேண்டியதில்லை. நம் சட்டத்தின் அட்டவணையிலும் ஒரு வாசல் இருக்கிறது. அதன் கடைசி வரி, மத்திய அரசு அறிவிக்கும் வேறு எந்த வகையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது. நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் வேண்டாம், ஓர் அறிவிக்கை போதும்.